யாருக்கும் கேட்காத திருட்டு

மூர் லேன் தொழிலாளர் கிளப்பின் கச்சேரி அறையில் அந்தச் சனிக்கிழமை மதியம் இருந்தவர்கள் ஆறு பேர். மேடைக்கு எதிரே, பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடும் மேஜைக்குப் பின்னால், கிளப்பின் கச்சேரிச் செயலாளர் ஹெரால்ட் ஹாய்ல். அவருக்கு இடப்பக்கம், ரேடியேட்டரை ஒட்டி, கிட்டார்காரர் லெஸ் ஆர்மிட்டேஜ்; முதுகுவலி என்பதால் அவருக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. லெஸ்ஸுக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணனும் அதே குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருமான நெவில் பிக்கிள்ஸ், எழுந்து ஓடப் போகிறவர் மாதிரி நாற்காலி நுனியில். வாசல் ஓரம், மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்ட வரிசையில் தன்னந்தனியாக, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கும் ஹேசல் பூத். ஜன்னல் பெஞ்சில், மடியில் டைப்ரைட்டரோடு, வில்ஃப் க்ரௌதர் ஆகிய நான். ஆறாவது ஆளான என் முதலாளி, துப்பறியும் மிஸ் எனிட் லம், எங்கேயும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மூளையும் சேர்ந்து உட்கார்ந்துவிடும் என்பது அவர் கட்சி. பாருக்கும் மேடைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். அவருடைய வலது பூட்ஸ் மட்டும் கீச்சிட்டது.

மேடை மேல், முதுகுப் பலகை கழற்றப்பட்ட நிலையில், லெஸ்ஸின் ஆம்ப்ளிஃபயர். வழக்கே அதுதான்.

"ரெண்டரைக்கு பிங்கோ," என்றார் ஹாய்ல், சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி. "அதுக்குள்ள முடிச்சாகணும். விஷயம் ரொம்ப சிம்பிள், மிஸ் லம். ஆம்ப்ளிஃபயர் ஹேசல்கிட்ட கண்ணாடி வால்வு மாத்தப் போச்சு. போகும்போது உள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு. திரும்பி வந்தப்போ பளபளன்னு புதுசு ரெண்டு. நடுவுல கை வச்சது யாரு? கிளப்புகளோட கூட்டமைப்புக்கு இன்னிக்கே எழுதப் போறோம். இந்தப் பள்ளத்தாக்குல இனிமே எந்த பேண்டும் அவங்ககிட்ட ஒரு திருகாணி கூடக் கொடுக்காது."

"கடையைச் சாத்திட்டு ஊரை விட்டுப் போன்னு நேரா சொல்லிருங்களேன்," என்றார் ஹேசல். குரல் உயரவில்லை. ஆனால் மடியில் இருந்த கையுறையை முறுக்கிய முறுக்கில் அது கயிறாகவே மாறிவிட்டது. "டிவி ரிப்பேருக்கு இப்ப யாரும் வர்றதில்ல. இந்த ஆம்ப்ளிஃபயருங்கதான் எனக்குச் சோறு. நான் மாத்தினது வால்வு மட்டும்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மரா புதுசான்னு நான் பாக்கக்கூட இல்ல. ஒரே நாள்ல வேணும்னு தலைமேல நின்னாங்க."

"பாக்காமலே தொழில் பண்றாங்களாம்!" லெஸ் சிரித்தார். "வருஷம் பூரா இவங்ககிட்ட கெஞ்சினேன், மிஸ் லம். டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டையும் நல்ல பெரிய இரும்பா மாத்திக் குடுங்க, சத்தம் இன்னும் கொஞ்சம் எடுப்பா வரட்டும்னு. மாட்டேன்னாங்க. 'பழசுல கை வைக்காதீங்க, அது தங்கம்'னாங்க. தங்கம் யார் வீட்டுக்குப் போச்சுன்னு இப்பத்தானே தெரியுது."

கீச். மிஸ் லம் ஹேசல் முன்னால் நின்றார். "ஏன் மாட்டேன்னீங்க? மாத்தினா காசு உங்களுக்குத்தானே?"

"மாத்துறதுல பிரயோஜனம் இல்லை, அதான்." ஹேசல் முதல்முறையாக நிமிர்ந்தார். "ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கரன்ட் உள்ள வர்றதுக்கு. இன்னொண்ணு சத்தம் ஸ்பீக்கருக்குப் போறதுக்கு. பெரிசா போட்டா அடிநாதம் கெட்டியா நிக்கும், உண்மைதான். ஆனா ஓங்கி அடிக்கும்போது சின்ன இரும்பு கொஞ்சம் மூச்சு வாங்கும் பாருங்க, அந்த மூச்சுக்குத்தான் இவங்க எல்லாம் பைத்தியமா அலையறாங்க. கருகிப் போச்சுன்னா மாத்து. இல்லைன்னா முதல்ல ஸ்பீக்கரை மாத்து, இல்ல பொண்டாட்டிக்கு ஒரு கோட்டு வாங்கிக் கொடுன்னுதான் யார் வந்தாலும் சொல்லுவேன்."

"இந்த நியாயத்தோட வியாபாரம் பண்ணினா போலீஸ் வேணாம், கடை தானே மூடிக்கும்," என்றேன்.

"வில்ஃப், வாயை மூடு. மிஸ்டர் ஆர்மிட்டேஜ், திருட்டை எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"காதாலதான்." லெஸ் தன் இடக் காதைச் சுண்டினார். வருடா வருடம் வசந்த காலத்துத் திறமைப் போட்டிக்கு நடுவராக உட்காரும் காது அது. சுருதி கால் பங்கு இறங்கியிருந்தாலும் பாடகனைப் பாதியில் நிறுத்திவிடும். "போன சனிக்கிழமை முதல் தட்டு தட்டினேன். பொணம். உறுமல் போச்சு. கழுவித் துடைச்ச தட்டு மாதிரி ஒரு சத்தம். இருபது வருஷமா கேக்குறேங்க. என் பொண்டாட்டி குரலை விட அது எனக்குத் தெரியும்."

"அவங்க குரல் மாறினா யார் மேல கேஸ் போடுவீங்க?" என்றேன்.

நெவில் மட்டும் சிரித்தார். சிரித்ததும், செய்யக்கூடாததைச் செய்தவர் போல ஷூவைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதை மிஸ் லம்மும் பார்த்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கீச்சுச் சத்தம் அரை நொடி நின்றது.

"தட்டினது முதல்லயா, உள்ள எட்டிப் பாத்தது முதல்லயா?"

"அது என்ன கேள்வி?"

"என் கேள்வி அதுதான்."

"புது வால்வு போட்டிருக்கு. அது செவப்பா எரியறதை எட்டிப் பாக்காம எந்தக் கிட்டார்காரன் வாசிப்பான்? பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் தட்டினேன்."

"அதாவது, கண்ணு முதல்ல, காது அப்புறம்."

லெஸ் பதில் சொல்வதற்குள் மிஸ் லம் மேடையேறிவிட்டார். "மிஸ்டர் ஹாய்ல், உங்க மேல் பாக்கெட்ல இருக்கிற கைக்குட்டையைக் கொடுங்க."

"இது பட்டு!"

"வெள்ளையா இருக்கு, அது போதும்."

ஹாய்ல் மகளைக் கட்டிக் கொடுப்பவர் போலக் கொடுத்தார். மிஸ் லம் அதன் ஒரு மூலையை விரலில் சுற்றி, ஹேசல் போட்ட வால்வுகளில் ஒன்றின் கண்ணாடியை மேலிருந்து கீழே வழித்தார். மறு மூலையால் பளபளக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் மூடியை வழித்தார். பிறகு கைக்குட்டையை விரித்துக் காட்டினார்.

வால்வைத் துடைத்த மூலை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைத் துடைத்த மூலையில் தேநீர் சிந்தியது போல ஒரு பழுப்புத் தீற்று.

"துரு," என்றார் ஹாய்ல், சோகத்துடன்.

"துரு இல்லை. உங்க கிளப்." மிஸ் லம் மேலே கை காட்டினார். கூரை ஒரு காலத்தில் வெள்ளையாம். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளாக அது பழுப்பு. திரை, சுவர், கண்ணாடி உருண்டை, ராணியின் படம் எல்லாமே அந்த நிறம்தான். வாரத்தில் நான்கு இரவு இருநூறு பேர் இங்கே புகைக்கிறார்கள். "இந்த அறைக்குள்ள வர்ற எதுவும் ஒரே ராத்திரியில இப்படி ஆகாது. வால்வு போன சனிக்கிழமை ஒரு ராத்திரிதான் இங்க எரிஞ்சிருக்கு. அது சுத்தமா இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் மேல வாரக்கணக்குப் புகை. அப்ப, ஹேசல் வால்வு போடறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த இரும்பு உள்ள வந்திருச்சு."

ஹேசல் கையுறையை விட்டுவிட்டார். அது தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

லெஸ் சட்டென்று எழுந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "சுத்தப் பேச்சு. வேற ஏதாவது கிளப் பேண்டோட பழைய ஆம்ப்ளிஃபயர்ல இருந்து கழட்டி எனக்கு மாட்டியிருப்பாங்க. புகை அங்கேயும்தானே இருக்கு?"

மேடையிலிருந்து இறங்கிவந்த மிஸ் லம் நின்றுவிட்டார். அவர் நின்றால் எனக்குப் பயம். கெட்டிக்காரத்தனமான ஆட்சேபணை அது. ஹாய்ல் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே தாழ்வாரத்தில் பிங்கோவுக்கு வந்த பெண்களின் பேச்சுச் சத்தம் ஏற ஆரம்பித்திருந்தது. யாரோ கதவைத் தட்டி, "ஹெரால்ட், கால் வலிக்குதுய்யா!" என்றார்கள்.

"வில்ஃப், அதை இப்படி ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிட்டு வா."

"பாஸ், என் சம்பளத்துல கூலி வேலையும் சேர்ந்திருக்கா?"

"உன் சம்பளத்துல மூளை வேலை இதுவரைக்கும் சேரல. தூக்கு."

மேடையேறினேன். பின்பக்கம் பார்த்தால் பெரிய இரும்பு முழுக்க ஒரு ஓரமாக இருந்தது. அந்தப் பக்கம் சாயும் என்று எதிர் பக்கம் உடம்பை வளைத்து, பல்லைக் கடித்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். சாயவில்லை. வளைந்த நான்தான் சாய்ந்து டிரம்ஸ் மேல் விழப் பார்த்தேன்.

"என்ன கூத்து இது?" என்றார் ஹாய்ல்.

"பாஸ், இவ்வளவு இரும்பு ஒரு ஓரத்துல இருக்கு. ஆனா இது தராசு மாதிரி நேராத் தொங்குது."

மிஸ் லம் இரண்டே எட்டில் வந்தார். கைப்பிடியைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பெட்டியின் நடுவில் இருக்க வேண்டிய கைப்பிடி நடுவில் இல்லை. கனமான பக்கமாக நான்கு விரல் தள்ளி இருந்தது. நடுவில், கறுப்பு உறைக்குள், இரண்டு சின்ன வட்டங்கள். விரலால் தடவினால்தான் தெரியும். பழைய திருகாணி ஓட்டைகள். மரத்தூளால் அடைத்து, ஷூ பாலிஷ் தேய்த்து, ஆசையாகச் செய்த வேலை.

"மிஸ்டர் ஆர்மிட்டேஜ், கைப்பிடியை எப்ப நகர்த்தினீங்க?"

"நகர்ந்திருக்கா?" லெஸ் கழுத்தை நீட்டினார். "எனக்கு என்ன தெரியும்? என் முதுகுக்கு நான் ஒரு பெட்டியையும் தூக்கறதில்லையே."

"வெளியே தாழ்வாரத்துல, அந்த நோட்டீஸ் போர்டுல போட்டோ இருக்குமில்ல?" என்று ஹாய்லைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிஸ் லம் கதவைத் திறந்து பாய்ந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். லெஸ்கூட நடந்தார். தாழ்வாரத்தில் இருந்த பெண்கள் கதவு திறந்ததும் பிங்கோ என்று நினைத்து உள்ளே நுழையப் பார்க்க, ஹாய்ல் இரண்டு கையையும் விரித்து ஆட்டு மந்தையை மறிப்பது போல மறித்தார்.

நோட்டீஸ் போர்டில் இறைச்சி லாட்டரி அறிவிப்புக்கும் மீன்பிடி சங்க அறிவிப்புக்கும் நடுவே கிளப்பின் வசந்த கால நடன இரவில் எடுத்த படம். முன்னால் லெஸ், கண்ணை மூடி, கிட்டாரை நெஞ்சோடு அணைத்தபடி. அவர் முழங்காலுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர்.

"கைப்பிடியைப் பாருங்க," என்றார் மிஸ் லம்.

பார்த்தோம். படத்திலும் அது நடுவில் இல்லை.

"வசந்த நடனம் எப்ப நடந்துச்சு?"

"ஆறு வாரம் ஆச்சு," என்றார் ஹேசல், மெதுவாக. "என்கிட்ட பெட்டி வந்ததே போன வாரம்தான்."

"கனம் மாறினாத்தான் கைப்பிடி நகரும். தூக்கறவங்கதான் நகர்த்துவாங்க. திருடன் நகர்த்த மாட்டான். அவனுக்கு அடுத்தவன் முதுகு வலிச்சா என்ன? சொந்தக்காரருக்கு அது நகர்ந்ததே தெரியாது." மிஸ் லம் குரலைத் தாழ்த்தினார். "உங்க பெட்டியை யார் தூக்கறாங்க, மிஸ்டர் ஆர்மிட்டேஜ்?"

லெஸ் திரும்பினார். நாங்கள் எல்லோரும் திரும்பினோம்.

நெவில் பிக்கிள்ஸ் தாழ்வாரத்து சுவரோடு சுவராக நின்றார். பொதுவாக அவர் டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். இங்கே ஒளிய ஒன்றுமில்லை.

"நீயா, மச்சான்?" என்றார் லெஸ். "என் இரும்பைத் திருடினது நீயா?"

"திருடல, மாப்ள. எங்க வீட்டு அலமாரியில இருக்கு. உன் தங்கச்சி... என் தங்கச்சி பின்னின ஸ்வெட்டர்ல சுத்தி வச்சிருக்கேன்." பதற்றத்தில் அவருக்கு உறவே குழம்பிவிட்டது. "வருஷம் பூரா அதையேதானே பேசினே. நல்ல இரும்பு இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்னே. லீட்ஸ்ல ஒரு பெரிய குழு கூப்பிட்டாங்க, போயிரப் போறேன்னே. ஹேசல் மாட்டேன்னுட்டாங்க. நான் மில்லுல எலெக்ட்ரீஷியன்தானே, நானே வாங்கி நானே மாட்டினேன். முதல்ல ரெண்டு ஒயரை மாத்திக் கொடுத்துட்டேன், நாய் மாதிரி ஊளை விட்டுச்சு. திருப்பிப் போட்டதும் அடங்கிருச்சு. நடனத்தன்னிக்கு உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் காதே கண்டுபுடிச்சுச் சொல்லும்னு இருந்தேன்."

எல்லோரும் நெவில் பக்கம் ஓர் எட்டு நெருங்கினார்கள். பிங்கோப் பெண்கள்கூட.

"அன்னிக்கு ராத்திரி," என்று நெவில் தொடர்ந்தார், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதவராக, "நீ மைக்கைப் புடிச்சு என்ன சொன்னே தெரியுமா? 'இருபது வருஷமா இந்தச் சத்தம் ஒரு மயிரிழை மாறல, யாரையும் தொட விடமாட்டேன்'னே. எல்லாரும் கை தட்டினாங்க. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் உன் காதுக்குக் கேக்கும், அதுக்கடுத்த வாரம் கேக்கும்னு இருந்தேன். போன சனிக்கிழமை நீ எட்டிப் பாத்துட்டே. கத்திட்டே. நான் வாயைத் திறந்தா, ஆறு வாரமா உனக்குக் கேக்கலைன்னு ஊருக்கே தெரியும். நீ நடுவர் வேற."

"அதுக்காக நான் கடையை மூடணுமா, நெவில்?" என்றார் ஹேசல்.

நெவிலின் முகம் சிவந்து, வெளுத்தது. "தப்புதான், ஹேசல். ராத்திரி தூக்கமே இல்ல." பிறகு மிஸ் லம்மிடம் திரும்பி அவசர அவசரமாக, "நான்தான் எடுத்தேன்னு எழுதிருங்க, மிஸ் லம். விக்கறதுக்கு எடுத்தேன், போன வாரம் எடுத்தேன்னு. ஹேசல் பேரு சுத்தமாயிரும். லெஸ் பேருக்கும் ஒண்ணும் ஆகாது. புகை, கைப்பிடி, அதெல்லாம் இங்கயே இருக்கட்டும்."

"நல்ல யோசனை!" என்றார் ஹாய்ல், கதவைத் தோளால் அடைத்தபடி. "நெவில் மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது. மணி ரெண்டு இருபது."

மிஸ் லம் லெஸ்ஸையே பார்த்தார்.  இந்த இடத்தில் மிஸ் லம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு முடிந்துவிடும், ஆனால் சொல்லமாட்டார். பிறர் கழுத்தில் இருக்கும் முடிச்சை அவர்களேதான் அவிழ்க்க வேண்டும் என்பார்.

லெஸ் படத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை அணைத்திருக்கும் தன்னை.  பிறகு, "வில்ஃப், அந்த டைப்ரைட்டர் வேலை செய்யுமா?" என்றார்.

"'ஒ' மட்டும் சிக்கும். மத்தபடி ஓடும்."

"கூட்டமைப்புக்கு எழுது."

எல்லோரும் அறைக்குள் திரும்பினோம், ஹாய்ல் கதவைச் சாத்தினார். டைப்ரைட்டரை பார் மேஜை மேல் வைத்து, தாளைச் சொருகினேன். லெஸ் உட்காரவில்லை. முதுகைப் பிடித்தபடி, மிஸ் லம் நடந்த அதே தடத்தில் இங்கும் அங்குமாக நடந்து சொன்னார். "ஹேசல் பூத் என் ஆம்ப்ளிஃபயரிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அவர் கை படுவதற்கு முன்பே என் மைத்துனர் எனக்கு அன்பளிப்பாகப் புது டிரான்ஸ்ஃபார்மர்கள் மாட்டியிருந்தார். அவற்றோடு நான் ஆறு வாரம் இதே மேடையில் வாசித்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை."

"கடைசி வரி வேணாம், லெஸ்," என்றார் ஹாய்ல். "போட்டிக்கு வர்ற பசங்க கேலி பண்ணுவாங்க. அதை விட்டுட்டாலும் அர்த்தம் வருதே."

"வராது. அந்த வரி இல்லைன்னா, மச்சானைக் காப்பாத்த நான் கதை கட்டறேன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஹேசல் மேல சந்தேகம் அப்படியே நிக்கும்." அவர் என் பக்கம் திரும்பினார். "அடிச்சிட்டியா? திருத்தாதே."

தாளை உருவிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை ஹேசலிடம் நீட்டி, "சாட்சிக் கையெழுத்து நீங்க போடறீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. ஹேசல் தாளைக் கடைசி வரி வரை படித்தார், பிறகுதான் போட்டார்.

கதவைத் திறந்துவிட்டதும் பிங்கோப் பெண்கள் வெள்ளமாக உள்ளே வந்து அவரவர் நாற்காலியைப் பிடித்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே லெஸ், கடித உறையை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே, நெவில் பக்கம் சாய்ந்தார்.

"உண்மையைச் சொல்லு, மச்சான். புதுசு நல்லாருக்கா?"

நெவில் யோசித்தார். "நான் டிரம்ஸுக்குப் பின்னாடி இருக்கேன், மாப்ள. எனக்கு எப்பவுமே டிரம்ஸ்தான் கேக்கும்."

லெஸ்ஸின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா வேறெதாவதா என்று நான் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். உறையை மூடி, மேஜை மேல் வைத்து, முஷ்டியால் ஓரம் முழுக்க அழுத்தினார். ஸ்டாம்பு என்னிடம் இருந்தது, ஒட்டினேன். கொண்டு போய்ப் போடுகிறேன் என்று நெவில் கை நீட்டினார், லெஸ் கொடுக்கவில்லை. மழையில் குடையில்லாமல், முதுகைப் பிடித்தபடி, சாலையைத் தாண்டி மூலையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டிக்குத் தானே நடந்து போனார். மதியத் தபால் வண்டி ஏற்கெனவே வந்து நின்று, தபால்காரர் பெட்டியின் கீழ்க் கதவைத் திறந்திருந்தார். லெஸ் மேல் வாயில் போட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் போட்டார். தபால்காரர் அதைக் கீழிருந்து எடுத்துச் சாக்கில் சேர்த்து, சாக்கின் வாயைக் கட்டி, வண்டியில் எறிந்துவிட்டு டியூஸ்பரி ஊர்ப் பக்கமாகக் கிளம்பினார்.